மேலவீட்டு உறவுகள் – வாட்ஸ்அப் குழு

கனி: ஜெர்மனியில் மலை உச்சியில் இருக்கிற கேல்ஸ்டைன்ஹவுஸ் வந்துவிட்டோம். ஈகிள்ஸ் நெஸ்ட் என்பார்களே, அதுதான். 1834 மீட்டர். சொந்தக் காரில் வர முடியாது, கீழே ஓபர்சால்ஸ்பெர்க் என்ற இடத்திலிருந்து தனிப் பேருந்து.

அம்மா: ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா?

கனி: போட்டிருக்கிறேன் மா. ஜூன் மாதத்திலும் ஓரமாகப் பனி கிடக்கிறது.

சித்தி: ஹிட்லர் வீடா அது? அங்கே எதற்குடி போனாய்?

மாமா: வீடு இல்லை. 1939-இல் அவனுடைய 50-வது பிறந்தநாளுக்கு நாஜிக் கட்சி கொடுத்த பரிசு. கட்சியின் பெரிய புள்ளி மார்ட்டின் போர்மான் கட்டவைத்தது. அவன் குடியிருந்த பெர்க்ஹோஃப் கீழே இருந்தது. 1945 ஏப்ரலில் குண்டு போட்டார்கள், மிச்சத்தை 1952-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். உச்சியில் இருந்ததற்கு ஒரு கீறல் இல்லை.

கனி: மலைக்குள் 124 மீட்டர் சுரங்கப்பாதையில் நடந்தோம் மாமா. அப்புறம் லிஃப்டில் இன்னொரு 124 மீட்டர் மேலே. உள்ளே சுவரெல்லாம் பித்தளை. அம்மா, நீ கார்த்திகைக்குப் புளி போட்டுத் தேய்ப்பாயே குத்துவிளக்கு, அப்படி மின்னுகிறது.

மாமா: அவ்வளவும் செய்தும் அவன் அங்கே அதிகம் போகவில்லை. உயரம் என்றால் பயமாம்!

கதிர்: 😂 அக்கா, பால்கனியில் எடுத்த போட்டோவை டிபியாக வை. செம.

கனி: வேண்டாம்டா. அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். வரும் வழியில் ஆவண மையத்துக்குப் போனோம். இந்த மலையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள் எங்கெங்கே யார் யாரைக் கொன்றன என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தும் சிரித்திருக்கிறேன் பார்.

மாமா: அந்த மலையில் முன்பிருந்த குடியானவர்களை மிரட்டி நிலத்தை எழுதி வாங்கினார்களே, அதுவும் இருக்கிறதா?

கனி: இருக்கிறது. ஆனால் மேலே இது ஹோட்டல் மாமா. கேக், பீர், சத்தம்.

சித்தி: எனக்கென்றால் தொண்டையில் இறங்காது.

கனி: எனக்குப் பசி சித்தி, சூப் குடித்தேன். பக்கத்திலேயே முசோலினி கொடுத்த சிவப்புப் பளிங்குக் கணப்பு. ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கிறது. போர் முடிந்தபோது வந்த நேசநாட்டுச் சிப்பாய்கள் ஞாபகத்துக்கென்று ஆளுக்கொரு துண்டு பெயர்த்துக்கொண்டு போனார்களாம்.

மாமா: அந்த ஓரத்தை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பம்மா.

கனி: [படம்]

கதிர்: எலியா? பெருச்சாளி!

அம்மா: பேருந்தை விட்டுவிடாதே கனி.

கனி: ஐயோ, திரும்பும் நேரத்தைப் பதியவே இல்லை. இதோ ஓடுகிறேன்.