ஒரு மடிக்கணினியில் இரண்டு இயங்குதளம்: உங்களுக்கு எப்படிப் போயிற்று?

விருதுநகரிலிருந்து, கணக்கு எழுதுபவர்:

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மடிக்கணினி 2016இல் வாங்கியது, இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ5 சில்லு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், இன்டெல் சில்லுகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை அது பொதுவாக ஏற்பதில்லை. நன்றாக ஓடுகிற கணினியை எடைக்குப் போட மனம் வரவில்லை. முழுவதுமாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறவும் முடியாது. என் பிழைப்பு டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது, அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. எனவே டேலி மட்டும் இணையம் இல்லாத விண்டோஸில், மற்றதெல்லாம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டில் என்று முடிவு செய்தேன்.

மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றுவது எளிது, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சோதித்தேன்.

வில்லங்கம் இடம் ஒதுக்கும்போது வந்தது. 500 ஜிபி வட்டு, விண்டோஸ் அதை 465 என்று காட்டும். அதில் 200க்கு மேல் காலி. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் சி டிரைவைச் சுருக்கப் போனால் 11 ஜிபிக்கு மேல் தர மாட்டேன் என்றது. மண்டபம் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுக்கூடத்தில் யாரோ பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டி இலை போட முடியாது. அப்படிப் படுத்திருந்தவை ஹைபர்னேஷன் கோப்பு (கணினி உறங்கும்போது நினைவகத்தைப் பத்திரப்படுத்துவது), பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது உதவுவது), சிஸ்டம் ரெஸ்டோர் பதிவுகள் (பழைய நிலைக்குத் திரும்ப வைத்திருப்பவை). விண்டோஸ் அவற்றை நகர்த்தாது. மூன்றையும் அணைத்து மறுபடி தொடங்கியதும் 90 ஜிபி கிடைத்தது. மின்ட்டுக்கு அது தாராளம்.

நிறுவும்போது ஒரு திரையில் 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதும் 'வட்டை அழித்து நிறுவு' என்பதும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கியது உண்மை. டேலி தரவை முந்தைய நாளே இரண்டு பென்டிரைவில் எடுத்து வைத்திருந்ததால்தான் விரல் அசைந்தது.

எல்லாம் முடிந்ததும் நல்ல பிள்ளையாக, அணைத்தவற்றையெல்லாம் பழையபடி இயக்கிவைத்தேன். மறுநாள் மின்ட்டிலிருந்து விண்டோஸின் டி டிரைவைத் திறந்தால் கோப்புகளைப் படிக்கலாம், எதையும் சேமிக்க முடியாது. வட்டுதான் போய்விட்டது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. ஹைபர்னேஷனை இயக்கியதும் அதோடு சேர்ந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பும் வந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அது இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு உறங்குகிறது. அந்த நிலையில் உள்ள டிரைவில் லினக்ஸ் எழுதத் துணிவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினேன், சரியாயிற்று.

திருச்சியிலிருந்து, ஆய்வு மாணவி:

அண்ணா, உங்களுக்குப் பழைய கணினி. எனக்குப் புதியது, விண்டோஸ் 11. மரபணுத் தரவை அலசும் மென்பொருள்களில் பெரும்பாலானவை லினக்ஸை நம்பியே எழுதப்பட்டவை என்பதால் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவப் போனேன். எங்கோ படித்த பழைய குறிப்பை நம்பி, முதல் வேலையாக, முறைப்படி கையொப்பமிட்ட தொடக்க நிரலை மட்டும் ஓடவிடும் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு வசதியை அணைத்தேன். அடுத்த முறை கணினியைத் திறந்தபோது நீலத் திரை, 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. பிட்லாக்கர், அதாவது வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. வட்டு பூட்டியிருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முதலில் உள்நுழையும்போதே குறியாக்கம் தானாக நடந்து, சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

என் மடிக்கணினியைத் தயார்செய்து கொடுத்தது அத்தை மகன், அதுவும் அவன் மின்னஞ்சலைக் கொண்டு. இரவுப் பணியில் இருந்தவனை எழுப்பாத குறையாகப் பிடித்தேன். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி, தொலைபேசியில் அவன் வாசிக்க நான் தட்டினேன். ஐந்தாம் தொகுதியில் பிழை, மறுபடி வாசித்தான். கதவு திறந்தது.

செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கியிருந்தாலே அநேகமாகச் சாவி கேட்டிருக்காது என்று அவனே அடுத்த வாரம் சொன்னான். உபுண்டுவுக்கு அதை அணைக்க வேண்டிய தேவையும் இல்லை, அதன் தொடக்க நிரல் முறைப்படி கையொப்பமிடப்பட்டது. இரண்டுமே தெரியாமல் ஓர் இரவு போயிற்று. இப்போது சாவியைக் காகிதத்தில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பியும் அம்மாவும் பெரிய விபத்துகளைச் சொன்னீர்கள். என்னுடையது வெட்கப்பட வேண்டியது. மின்ட்டை முடித்துவிட்டு விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் பின்னால் போய்விடுகிறது. தாய்ப்பலகையில் காசு போல ஒரு பேட்டரி இருக்குமே, அது தீர்ந்திருக்கும் என்று புதிதாகப் போட்டேன். மறுநாளும் அதே கதை. கடைக்காரர் போலி கொடுத்துவிட்டார் என்று வேறு கடையில் இன்னொன்று வாங்கினேன்.

மூன்றாம் நாள்தான் எவ்வளவு பின்தங்குகிறது என்று கணக்கிட்டேன். ஐந்தரை மணி நேரம், துல்லியமாக. இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தவன் நான்! கணினியின் உள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸோ அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மின்ட்டின் முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரம்) 'timedatectl set-local-rtc 1' என்ற கட்டளையைத் தட்டினால் இரண்டும் ஒத்துப்போகின்றன. இரண்டு பேட்டரிகளும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

மதுரையிலிருந்து:

நமக்கெல்லாம் இது புதிதில்லை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினியில் விண்டோஸும், சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குக் கிடைத்தபோது, பாஸ் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. படம் சேமிக்க இடம் வேண்டும் என்று விண்டோஸிலிருந்தே அந்தப் பகுதியை அழித்துவிட்டேன். மறுமுறை திறந்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே வரி. இரண்டு இயங்குதளத்துக்கும் வாசல் காட்டியது அந்த லினக்ஸ் பகுதியில் இருந்த கிரப் என்ற தொடக்க நிரல்தான். வாசல்காரனை வீட்டோடு இடித்திருந்தேன்.

சரிசெய்யக் கடையில் 300 ரூபாய் கேட்டார்கள். ஐயா எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது: பேட்டரி போய்விட்டது என்று சொல்லித்தான் அப்பாவிடம் அந்தப் பணத்தை வாங்கினேன்.