ஸ்டுடியோ படத்துல கையை எங்க வைக்கச் சொல்வீங்க? உங்க அனுபவம்

பவானி:
பதினெட்டு வருசமா ஸ்டுடியோ வச்சிருக்கேனுங்க. முகத்துக்கு லைட் போடறது பழகிருச்சு, கைதான் இன்னும் படுத்துது. போன மாசம் அறுபதாம் கல்யாணப் படத்துக்கு ஒரு பெரியவரும் அவங்க ஊட்டம்மாவும் வந்தாங்க. அவர் குழித்தறியில ஜமக்காளம் நெய்ஞ்சவர். "கையைத் தொடை மேல வைங்கய்யா"ன்னேன். பத்து விரலும் விறைச்சு, பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி வச்சார். "சும்மா விடுங்க"ன்னதும் முஷ்டியா மடக்கிட்டார். அரை மணி நேரம் இப்படியே போச்சு. கடைசியில அந்தம்மாதான், "ஏனுங்க, துண்டு நழுவுது பாருங்க"ன்னாங்க. துண்டை எடுத்தவர், ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கான்னு ரெண்டு விரல்ல நெரடிப் பாத்தார். அப்ப அமுக்கினேன். கட்டைவிரல் காய்ப்புகூட அப்படியே விழுந்திருக்கு. இப்பல்லாம் "இப்படி வைங்க"ன்னு சொல்றதையே விட்டுட்டேன், கையில எதாவது ஒண்ணக் குடுத்துடறது.

கோயமுத்தூர்:
எனக்கு நடந்தது வேற. 35 எம்எம் லென்ஸ்ல கிட்டப் போயி, ஒரு பொண்ணைக் கன்னத்துல கை வைக்கச் சொல்லி எடுத்தேன். படத்தைப் பாத்துட்டு, "அண்ணா, இது எங்க மாமியார் கை மாதிரி இருக்கு"ன்னுச்சு! கை முகத்துக்கு முன்னால கேமரா பக்கம் நீட்டிட்டு இருந்தா பெருசாத்தானே தெரியும். 85 எம்எம் லென்ஸ் போட்டுத் தள்ளி நின்னு, சுண்டுவிரல் ஓரம் கேமராவப் பாக்கற மாதிரி திருப்பினேன், கை பாதியாச் சுருங்கிருச்சு. விரல் கன்னத்தைத் தொட்டும் தொடாம இருக்கோணும், அமுக்கினா சதை பிதுங்கும். மருதாணி வச்ச கைக்கு மட்டும் இது ஆகாது. அதைத் தனியா ஒரு படம் எடுத்துருங்க.

பல்லடம்:
விசைத்தறி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் வந்தார். வலது ஆள்காட்டி விரல்ல பாதி இல்ல. சங்கடப்படுவாரேன்னு நானே அந்தக் கையைச் சம்சாரத்தோட நாற்காலிக்குப் பின்னால மறைச்சு எடுத்தேன். பிரிண்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தவர், "மோதரம் தெரியலியே கண்ணு"ங்கறார். மச்சினன் போட்டதாம், புதுசு! மறுபடி நாற்காலி மேல கையை வச்சு எடுத்தா, சாப்ட்பாக்ஸுக்கு, அதான் வெள்ளைத்துணி மூடின லைட்டுப் பெட்டிக்கு, கிட்ட இருந்ததால கை முகத்தவிட வெளுத்துப் போச்சு. லைட்டுக்கும் கைக்கும் நடுவுல கறுப்பு சார்ட் அட்டையை ஒரு பையனைப் புடிக்கச் சொன்னேன், சரியாச்சு. மணிக்கட்டோட ஃப்ரேமை வெட்டிராதீங்க, கை துண்டானாப்ல இருக்கும்.

பவானி:
அட்டை யோசனை நல்லாருக்குதுங்க. நாளைக்கு காதுகுத்துக்கு ஒரு பாப்பா வருது. அதுக்குக் கையை எங்க வைக்கறதுன்னு சொல்ல வேண்டியதில்ல, தானா வாய்க்குப் போயிரும்.