புவாரோ மீசை: 1934 நாவலா, 2017 படமா?

தேவகோட்டை வாசகன்: அகதா கிறிஸ்டி எழுதிய ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலைக் கதையில் நாவலைவிட 2017 படம்தான் மேல், அதில்தான் துப்பறிவாளர் புவாரோவுக்கு மீசை மீசையாக இருக்கிறது என்று காரைக்குடியிலிருந்து ஒருவர் நேற்று எழுதியிருந்தார். நாவலின் முதல் பக்கத்தையாவது திறந்திருப்பாரா? காதுவரை போர்த்தி நிற்கும் மனிதனிடம் வெளியே தெரிவது சிவந்த மூக்கு நுனியும், மேல்நோக்கிச் சுருண்ட மீசையின் இரண்டு முனைகளும்தான். முனை ஐயா, முனை! படத்தில் புவாரோவாக வரும் கென்னத் பிரானா வைத்திருப்பது பாதிக் கன்னத்தை மூடும் இரட்டை அடுக்கு. உதட்டுக்குக் கீழே துண்டுத் தாடி வேறு.

காரைக்குடி ரசிகன்: அந்த ஒருவர் நான்தான் அண்ணே, பெயர் சொல்லக்கூடக் கூச்சமா? இதே கதையின் 1974 படத்தைப் பார்த்த அகதா கிறிஸ்டியே மீசை போதவில்லை என்றுதான் குறைப்பட்டார். பிரானா அதைத் தீர்த்துவிட்டார்.

தேவகோட்டை வாசகன்: போதவில்லை என்றால் புதர் வளர்க்கச் சொன்னாரா? அதில் புவாரோவாக வந்த ஆல்பர்ட் ஃபின்னியின் நடிப்பு அவருக்குப் பிடித்திருந்ததே, அதை ஏன் விழுங்கினீர்கள்?

பள்ளத்தூர் ஆச்சி: மீசையை விடுங்கள் தம்பிகளா. நாவலில் சாப்பாட்டுப் பெட்டியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். படத்தில் பாலத்துச் சட்டங்களில் இறங்கித் துரத்துகிறார். பன்னிரண்டு பேர் சேர்ந்து குத்தியதை உட்கார்ந்தே கண்டுபிடித்தவருக்கு ஓட்டம் எதற்கு?

கோட்டையூர் மாணவன்: ஆச்சி! நான் பாதிதான் படித்திருக்கிறேன். இப்படியா போட்டு உடைப்பது?

காரைக்குடி ரசிகன்: என்னிடம் வாங்கிப்போன நாவலை வைத்துக்கொண்டுதான் அண்ணன் முதல் பக்கம் காட்டுகிறார். சபைக்குத் தெரியட்டும்.

தேவகோட்டை வாசகன்: டேவிட் சூஷே புவாரோவாக நடித்த என் டிவிடி யார் வீட்டில் இருக்கிறது? 2010-இல் வந்த அந்தத் தொலைக்காட்சிப் படத்தில் மீசை எப்படி? அளவாக, முறுக்கி, முனை மேலே.

கானாடுகாத்தான் பங்காளி: எங்கள் பெரிய வீட்டில் படப்பிடிப்பு நடந்தபோது வளவு முற்றத்தில் ட்ராலி இழுத்து ஆத்தங்குடித் தரைக் கல்லைக் கீறிவிட்டார்கள். சினிமாக்காரர்கள் எதை இருந்தபடி விட்டார்கள்?

காரைக்குடி ரசிகன்: வாடகை வாங்கும்போது கீறல் தெரியவில்லையா?

கானாடுகாத்தான் பங்காளி: வாங்கியது மற்றப் பங்காளிகள். எனக்கு ஒரு பைசா வரவில்லை.

தேவகோட்டை வாசகன்: அது கிடக்கட்டும், முனை எங்கே? 2022-இல் வந்த பிரானாவின் நைல் நதிப் படத்தில், முதல் உலகப் போர்க் காயத்தை மறைக்கத்தான் அந்த மீசையாம். கிறிஸ்டி எழுதவேயில்லை!

காரைக்குடி ரசிகன்: ஆக, அதையும் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

தேவகோட்டை வாசகன்: காசு கொடுத்தது என் மைத்துனன். முனைக்குப் பதில் இன்னும் வரவில்லை.

காரைக்குடி ரசிகன்: என் புத்தகம் வீடு வந்து சேரட்டும், பார்த்துச் சொல்கிறேன்.