கீபோர்டில் நாதஸ்வர ஜாரு (சுர வழுக்கல்): பேனலில் இல்லாததை மிடி வழியாக எடுக்க முடியுமா?

கேள்வி (கும்பகோணம் பக்கம்)

என்னிடம் எக்ஸ்ஜி (யமஹாவின் மிடி தரம்) முத்திரை போட்ட பழைய யமஹா கீபோர்டு இருக்கிறது. பின்னால் கம்ப்யூட்டரோடு கட்டளைகளைப் பரிமாறும் 5 பின் மிடி இன், அவுட் இரண்டும் உண்டு. கோயில் திருவிழாக் கச்சேரிகளில் இதைத்தான் வாசிக்கிறேன். அப்பா நாதஸ்வரக்காரர். நரசிங்கம்பேட்டையில் கடைந்த ஆச்சா மரக் குழல் வீட்டில் அப்படியே இருக்கிறது. பல் போனபிறகு அவர் ஊதுவதில்லை. நான் ஷெனாய் டோனில் தோடி வாசித்தால், "சுரம் தாவுதுப்பா, வழுக்க மாட்டேங்குது" என்கிறார். சுரத்தை வளைக்கும் பெண்ட் வீலை முழுக்கத் தள்ளினாலும் 2 ஸ்தானம்தான் (அடுத்தடுத்த 2 கட்டை) போகிறது. அதை 12 ஆக்க வழி உண்டா? டோனின் கூச்சலையும் குறைக்க வேண்டும்.

பதில் (மன்னார்குடி)

12 வேண்டாம். வீல் கொஞ்சம் நகர்ந்தாலே சுரம் எங்கோ போய்விடும். தோடி காந்தாரத்துக்கு மேலே 2 ஸ்தானத்தில் மத்தியமம், கீழே 2 ஸ்தானத்தில் ரிஷபம். இப்போது இருக்கும் அளவே அந்த அசைவுக்குப் போதும். உங்களுக்கு இல்லாதது ஜாரு. மிடியில் எண் போட்ட கட்டளைகளுக்குக் கன்ட்ரோல் என்று பெயர்; கன்ட்ரோல் 126 அனுப்பினால் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும். பிறகு கன்ட்ரோல் 65-இல் 127 (வழுக்கலை இயக்க), 5-இல் 30 (வழுக்கும் நேரம்) கொடுங்கள். சட்ஜத்தை விடாமல் பஞ்சமத்தைத் தொட்டால் வழுக்கிப் போகும்.

கூச்சலுக்குக் கன்ட்ரோல் 74. நடு அளவு 64, அதற்குக் கீழே போனால் டோன் மழுங்கும். அப்புறம் முக்கியமான ஒன்று: டோனோடு கூடவே வரும் வைப்ரேட்டோ (தானாக வரும் நடுக்கம்) நீங்கள் வாசிக்கும் கமகத்தோடு (சுர அசைவோடு) மோதும். 99-இல் 1, 98-இல் 9, பிறகு 6-இல் 0 அனுப்பி அதை அடக்குங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் என்ற மென்பொருள் இருந்தால் எல்லாம் அனுப்பலாம். பல மாடல்களில் பேனல் டோன் இதற்குக் கட்டுப்படாது. லோக்கலை (கட்டைகளுக்கும் உள் ஒலிக்கும் உள்ள நேர் இணைப்பை) ஆஃப் செய்து, வாசிப்பைக் கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பிக் கீபோர்டுக்கே விடுங்கள். ஷெனாய் 112-ஆவது டோன், மிடியில் 111 என்று போகும்.

பதில் (திருவாரூர்)

இன்னொன்றும் உள்ளே இருக்கிறது: ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகச் சுருதி சேர்க்கலாம். 1 கட்டையில் (சி-யைச் சட்ஜமாக வைத்தால்) அந்தர காந்தாரம் கீபோர்டில் 400 சென்ட் (ஒரு ஸ்தானம் 100 சென்ட்), தம்புராவோடு இழையும் காந்தாரம் சுமார் 386. அந்த 14-ஐ இறக்க முதல் சானலுக்கு இந்த ஹெக்ஸ் எண் கட்டளையை அனுப்புங்கள்: எஃப்0 43 10 4சி 08 00 45 32 எஃப்7. கல்யாணி, சங்கராபரணம் வாசிக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். கிடாரோடு சேர்ந்து வாசிக்கும் சினிமாப் பாட்டுக்கு இதைப் போடாதீர்கள், இரண்டும் ஒட்டாது.

பதில் (மயிலாடுதுறை)

முத்திரை எக்ஸ்ஜி லைட்டா (வசதி குறைந்த வடிவமா) என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இவற்றில் சிலது வேலை செய்யாது.

கேட்டவர்

லைட் இல்லை, முழு எக்ஸ்ஜிதான். நேற்று ராத்திரி லோக்கலை ஆஃப் செய்து எல்லாவற்றையும் அனுப்பினேன். வைப்ரேட்டோவை எடுத்ததும் அப்பா எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழுக்கும் நேரம் 30 அவருக்கு அதிகம். "குறை, இன்னும் குறை" என்று சொல்லி 22-இல் நிறுத்தினார். நடுவில் கரண்ட் போய் எல்லாம் அழிந்துவிட்டது. இப்போது அத்தனையையும் ஒரு சின்ன மிடி ஃபைலாகச் சேமித்து, கீபோர்டைப் போட்டதும் முதலில் அதை ஓட்டிவிடுகிறேன். கல்யாணிக்குத் தனி ஃபைல்.