அமேசான் போக எந்த மாசம் நல்லது?

பென்னாகரத்தான்: ஒகேனக்கல் பரிசல்ல சுத்தி வளர்ந்தவன் நானு, அமேசானை ஒருதடவையாச்சும் பாத்துடணும்னு ரொம்ப நாள் ஆசை. பிரேசில்ல மனௌஸுக்கு எப்ப போறது நல்லது, சொல்லுங்கண்ணா.

அரூர் அண்ணன்: ஜூன்ல போ தம்பி, தண்ணி உச்சத்துல இருக்கும், மரங்களுக்கு நடுவுலயே படகு போகும், அக்டோபர் நவம்பர்ல 10 மீட்டர் கிட்ட இறங்கிடும். ஊருக்குப் பக்கத்துலயே கறுப்பா ரியோ நீக்ரோ ஆறும் பால்காப்பி கலர்ல சோலிமோயிஸ் ஆறும் சுமார் 6 கிலோமீட்டர் கலக்காமயே ஒட்டி ஓடும், ரெண்டுக்கும் சூடும் வேகமும் வண்டலும் வேற வேற, அத மட்டும் விட்டுடாத.

கிருஷ்ணகிரி அக்கா: மஞ்சக்காய்ச்சல் ஊசி 10 நாள் முன்னாடியே போட்டு கார்டு வாங்கிக்க தம்பி, இல்லன்னா திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்லயே தனியா வெச்சிருவாங்க. சாப்பாடு பயமே வேணாம், நம்ம குச்சிக்கிழங்கோட பூர்வீகமே அந்தப் பக்கம்தான், மாவா வறுத்து மீன் மேல தூவித் தருவாங்க, மொறுமொறுன்னு இருக்கும்.