மொரிஸ் மைனரின் ஸ்டியரிங் தளர்வு: கால் மைல் ஓட்டத்தில் வண்டி அலைகிறது

கேள்வி: கொட்டாஞ்சேனை மைனர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் அப்பா காலத்து மொரிஸ் மைனர் கார் ஒன்று இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வண்டி. அதன் 948 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு டட்சன் 1200இன் எஞ்சினைப் பூட்டி, கால் மைல் ஓட்டத்துக்கென்றே (நேர்பாதை வேகப் போட்டி) தயார்படுத்தி வருகிறோம். முன்பக்கத்தைத் தாழ்த்துவதற்காக டோர்ஷன் பாரையும் (முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி) ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறோம்.

ஸ்டியரிங் வளையத்தை ஏறத்தாழ இரண்டு அங்குலம் திருப்பிய பிறகுதான் சில்லு அசையத் தொடங்குகிறது. கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது இது பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் கட்டுக்குருந்தை ஓடுபாதையில் கிளட்சை விட்டதும் முன்பக்கம் மேலெழும்பி, வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. ஓட்டத்தின் எல்லையைத் தாண்டிப் பிரேக்கை மிதித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியைச் சில்லோடு சேர்க்கும் மூட்டு) இரண்டையும் மாற்றி, முன்சில்லு பேரிங் நட்டுகளையும் இறுக்கிப் பார்த்தேன், பயனில்லை. கராஜில் றேக்கையே (வளையத்தின் திருப்பத்தைச் சில்லுகளுக்குக் கொண்டு செல்லும் பல்தண்டு) மாற்றச் சொல்கிறார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: பழைய பாஸ், கிராண்ட்பாஸ்

தம்பி, றேக்கை இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் ஒரே குறையாகச் சொல்வது உண்மையில் மூன்று குறைகள்: நின்ற இடத்திலேயே தெரியும் தளர்வு, கிளட்சை விடும்போது வரும் அலைச்சல், பிரேக் பிடிக்கும்போது வரும் இழுவை. மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில் நின்ற இடத்துத் தளர்வைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சில்லுகள் தரையில் இருக்க, ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து அந்த இரண்டு அங்குலத்துக்குள் மட்டும் வளையத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து, ஸ்டியரிங் தண்டு பினியனோடு (றேக்கை நகர்த்தும் சிறு பல்சக்கரம்) சேரும் பூட்டிலிருந்து தொடங்கி, றேக்கைத் தாங்கும் பிடிகள், றப்பர் உறைக்குள் இருக்கும் உள் மூட்டு, டை ராட் எண்ட் என ஒவ்வொன்றின்மீதும் விரலை வைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் அசைந்து, அடுத்த பக்கம் அசையாமல் நிற்கும் மூட்டு எதுவோ, குறை அங்கேதான். கண்ணைவிட விரலுக்கு இது விரைவில் தெரியும்.

பிறகு சில்லைத் தாங்கும் கீழ்க் கைக்கு (சஸ்பென்ஷனின் கீழ்க் கம்பி) அடியில் ஜக்கை வைத்துச் சில்லைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங். நிற்காவிட்டால் கிங்பின்னின் (சில்லு திரும்பும் செங்குத்துத் தண்டு) திருகுப்புரி அல்லது மேல் கை. மைனரின் முன் பேரிங்குகள் இடையே ஸ்பேசர் வைத்துப் பூட்டப்படும் போல் பேரிங்குகள் என்பதால், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் தேய்ந்த பேரிங்கின் ஆட்டம் குறையாது. மேல் கையாக வேலை செய்வதும் தனிக் கம்பி அல்ல, லீவர் வகை ஷொக் அப்சோபரின் கைதான். எண்ணெய் கசியாத அப்சோபரிலும் அந்தக் கையின் அச்சு தேய்ந்திருக்கக்கூடும்.

எனக்குப் பெரிய பயம் கிங்பின்னைக் கீழ்க் கையோடு சேர்க்கும் மூட்டான கீழ் ட்ரனியனைப் பற்றியது. கிங்பின்னின் கீழ்ப்புரி அதற்குள் திருகப்பட்டிருக்கிறது. முன்பக்கச் சுமை அந்தப் புரியைப் பிடித்து இழுத்தபடியே இருக்கும். கிறீஸ் போகாமல் புரி தேய்ந்தால் ஒரு நாள் கழன்று, சில்லு மட்கார்டுக்குள் மடிந்துவிடும். வாகனத் தரிப்பிடத்தில் வளைக்கும்போது அது நடந்தால் மட்கார்டோடு போகும். ஓட்டத்தின் முடிவில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. அதைப் பார்க்கும் வரை வண்டியை ஓடுபாதைக்குக் கொண்டு போகாதீர்கள்.

பதில்: வெள்ளவத்தை 402 மீட்டர்

பாஸ் ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று. கிளட்சை விடும்போது வரும் அலைச்சலுக்குப் பாதிக் காரணம் பின்னால் இருக்கலாம். இலைவில்லில் தொங்கும் அச்சு வேகமெடுக்கும்போது முறுகும். யூ போல்ட் தளர்ந்தாலோ நடு போல்ட் முறிந்தாலோ அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, பின்சில்லுகளே வண்டியைத் திருப்பிவிடும். ஓட்டுபவருக்கோ அது ஸ்டியரிங் குறையாகவே தோன்றும். இலைவில்லிலும் அச்சிலும் சேர்த்து ஒரு சோக்குக் கோடு போட்டுவிட்டு, ஓட்டம் முடிந்ததும் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருபக்கமும் முன்சில்லு மையத்திலிருந்து பின்சில்லு மையம் வரை அளந்தால் 86 அங்குலம் வர வேண்டும்.

முன்பக்கத்தைத் தாழ்த்தியதும் கவனிக்க வேண்டியதே. டை ராட்டின் சாய்வு மாறிவிட்டதால், முன்பக்கம் எழும்போது டோ அளவும் (முன்சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்து நிற்கும் அளவு) மாறும். நின்ற நிலையில் நூல் கட்டி அளந்து, உடலை இரண்டு அங்குலம் தூக்கி மறுபடியும் அளந்து பாருங்கள். நின்ற நிலையில் இருக்க வேண்டியது 3/32 அங்குல டோ இன் (உள்நோக்கிய சாய்வு).

பதில்: தெகிவளை டூரர்

என் வண்டியில் பிரேக் பிடித்தால் இழுத்ததற்குக் காரணம், கீழ்க் கையைத் தாங்கும் டை பாரின் (டை ராட் அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்) றப்பர் புஷ் எண்ணெய் பட்டுக் கரைந்திருந்ததுதான். பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

கேள்வி கேட்டவர்: கொட்டாஞ்சேனை மைனர்

ஞாயிற்றுக்கிழமை தம்பியை ஆசனத்தில் இருத்திவிட்டு அனைத்தையும் பார்த்தேன். றேக்கில் குறையே இல்லை; அதைத் தாங்கும் வலப்பக்கப் பிடியின் போல்ட்தான் தளர்ந்திருந்தது. அதை இறுக்கியதும் இரண்டு அங்குலம் முக்கால் அங்குலமாகக் குறைந்தது. பிரேக்கை மிதித்தும் இடப்பக்கச் சில்லின் ஆட்டம் நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தால் கீழ் ட்ரனியனின் கிறீஸ் நிப்பிளைப் பெயின்ட் அடைத்துக் கிடந்தது. உள்ளே கிறீஸுக்குப் பதிலாகச் சிவந்த தூள். புரியின் முனைகள் கத்தி விளிம்புபோல் கூர்ந்திருந்தன. டை பார் புஷ்ஷும் இடப்பக்கம் நசுங்கியிருக்கிறது. முன்சில்லிலிருந்து பின்சில்லு வரையான அளவு இருபக்கமும் சரி. உடலைத் தூக்கினால் டோ ஏறத்தாழ கால் அங்குலம் மாறுகிறது. புரி, புஷ் இரண்டையும் மாற்றினால் போதுமா, முன்பக்கத்தையும் உயர்த்த வேண்டுமா?

பதில்: பழைய பாஸ், கிராண்ட்பாஸ்

உயர்த்துங்கள். தோற்றம் சற்றுக் குறையும், பரவாயில்லை. ட்ரனியனைக் கிங்பின்னோடு சோடியாகவே மாற்றுங்கள். தேய்ந்த கிங்பின்னில் புதிய ட்ரனியனைத் திருகினால் ஒரு பருவம்கூடத் தாங்காது. இடத்துக்கும் வலத்துக்கும் புரியின் திசை வேறு என்பதால், பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது கடையிலேயே திருகிப் பார்த்து வாங்குங்கள். வலப்பக்கத்தையும் கழற்றாமல் விடாதீர்கள். அங்கும் அதே பெயின்ட்தான் அடித்திருப்பார்கள்.