கலைச்சொல் வேண்டும்: வரைகலை அட்டையின் சுருளிலிருந்து வரும் சத்தத்துக்கு என்ன பெயர்?

[யாங்கோன், தாமுவேயிலிருந்து]

அனைவருக்கும் வணக்கம்.

அகராதியில் சேர்க்க ஒரு சொல் கேட்டு எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் இங்கே கல்யாண வீடியோ எடிட்டிங்கும் 3டி ரெண்டர் (கணினியில் காட்சியைப் படமாக்கும்) வேலையும் செய்கிறேன். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் வேலை. பல நாள் நடுச்சாமத்தில்தான் வருகிறது. தெருவில் யாராவது ‘மீ லாப்யீ’ (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்துவார்கள், ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கும், நான் எழுந்து மெஷினைப் போடுவேன். ஜெனரேட்டர்கள் அடங்கிய பிறகு வரும் அமைதி எப்படி என்று யாங்கோனில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஊசி விழுந்தாலும் கேட்கும்.

இரண்டு வருடச் சேமிப்பில் ஒரு உயர்ரக வரைகலை அட்டை (கிராபிக்ஸ் கார்டு) வாங்கினேன். முதல் ராத்திரியே ரெண்டர் ஓடத் தொடங்கியதும் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய, கூரான ஒரு சத்தம். சுவருக்குள் சிள்வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. ரெண்டர் நின்றால் சத்தமும் சட்டென்று நிற்கும். காட்சியில் விளக்குகள் கூடினால் சுருதி மாறும். மூன்றாவது ராத்திரி அட்டையைக் கழற்றி, பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ‘சத்தம் வருகிறது’ என்றேன். அவருக்குத் தெரிந்த சத்தம் விசிறிச் சத்தம். மூன்று விசிறிகளையும் மாற்றிக் கொடுத்தார். அன்று ராத்திரியும் அதே சத்தம். விசிறி மாற்றும்போது வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்துவிட்டதால் வாங்கிய இடத்திலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் மேல் மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அவரிடம் கொடுத்தது ‘சத்தம்’ என்ற ஒற்றைச் சொல். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பர்மியத்தில் சொல்லியிருந்தாலும் சத்தம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு நானே தேடினேன். ஒரு பழைய பத்திரிகையைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை அட்டையின் பின்பக்கமாக மெல்ல நகர்த்தினேன். விசிறிகளுக்குப் பக்கத்தில் வெறும் காற்றுச் சத்தம். அட்டையின் நடுவில், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டைகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு வந்ததும் காதில் ஊசி குத்தின மாதிரி ஏறியது. ஒவ்வொரு கட்டையின் மேலும் ஆர்15 என்று அச்சடித்திருக்கும். அவைதான் சுருள்கள். பள்ளிப் பாடப் புத்தகத் தமிழில் மின்தூண்டி.

அங்கே நடப்பது இதுதான். பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். நடுவில் இருக்கும் சிப்புக்கு வேண்டியதோ ஏறக்குறைய 1 வோல்ட். என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற அட்டைக்கு 450 வாட், 2025 ஜனவரியில் வந்த 5090-க்கு 575 வாட். அவ்வளவு சக்தியில் பெரும்பகுதியை 1 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் சில நூறு ஆம்பியர் ஓட வேண்டும். அதைப் பல சுருள்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு சுருளிலும் மின்சாரம் நொடிக்குப் பல லட்சம் முறை கூடிக் குறைந்து பாய்கிறது. ஒவ்வொரு முறையும் காந்தப் புலம் ஏறி இறங்க, கம்பியும் அதைச் சூழ்ந்த கட்டையும் மயிரிழை அளவு அசைகின்றன. பல லட்சம் என்பது காதுக்கு எட்டாது, நமக்கு 20,000 வரைதான் கேட்கும். ஆனால் சிப்பின் வேலை ஏறி இறங்கும் வேகம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. விளையாட்டின் மெனு பக்கத்தில், ஒன்றுமே நடக்காத இடத்தில், நொடிக்கு ஆயிரக்கணக்கில் பிரேம்கள் (திரையில் வரும் தனித்தனிப் படங்கள்) ஓடும்போது சத்தம் உச்சத்துக்குப் போவது இதனால்தான். பிரேமை 60-க்குக் கட்டிப்போட்டேன், பாதி அடங்கியது. சிப்புக்குப் போகும் வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறைத்தேன், இன்னும் அடங்கியது. அந்த மூன்று விசிறிகளுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இந்தச் சத்தம் இப்போது ஏன் இவ்வளவு பேரைப் படுத்துகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2003-இல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்ற அட்டையின் விசிறிச் சத்தத்துக்கு உலகமே தூசி உறிஞ்சும் மெஷின் பெயரை வைத்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில் சுருள் பாடினால் யாருக்குக் கேட்கும்? இன்று பெரிய அட்டைகளில் விசிறிகள் அகலமானவை, மெதுவாகச் சுற்றுபவை, சுமை இல்லாதபோது நின்றே போகும். விசிறி அடங்கியதால் சுருள் கேட்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘சுருள் இரைச்சல்’ என்று எழுதிப் பார்த்தேன். ரெண்டர் வேலை செய்பவர்களுக்கு இரைச்சல் என்றால் படத்தில் மணல் தூவினது போல வரும் புள்ளிகள். ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தால் குழப்பம். கீச்சு பொருத்தமான ஒலிதான், ஆனால் இணையத் தமிழில் அது ட்விட்டருக்குப் போய்விட்டது. ரீங்காரம் என்றால் காதுக்கு இனிமை, ராத்திரி இரண்டு மணிக்கு இதைக் கேட்டவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். முரலல் அழகான பழைய சொல், வண்டு முரலும் என்போம். அதுவும் இனிமை, அதோடு கடையில் யாருக்கும் புரியாது.

மிஞ்சியவை முனகல், சிணுங்கல். என் ஓட்டு சிணுங்கலுக்கு. பிள்ளை முனகினால் தாய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சலா என்று. சிணுங்கினால் அப்படித் தொட்டுப் பார்ப்பதில்லை, பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரியும். இந்தச் சத்தம் சிணுங்கல் வகைதான். சுருள் சிணுங்குவதால் அட்டை சாவதில்லை. வினையாகவும் சொல்லிப் பார்த்தேன்: ‘கார்டு சிணுங்குகிறது.’ நாக்கில் இயல்பாக வருகிறது. உங்கள் கருத்து?

[மறுமொழி, மோல்மீனிலிருந்து ஐயா]

தம்பிக்கு வணக்கம்.

நீங்கள் சொல்லும் கார்டை நான் பார்த்ததில்லை. ஆனால் சத்தம் எனக்குப் பழக்கமானது. முப்பது வருடம் டிரான்ஸ்பார்மரும் டியூப்லைட் சோக்கும் சுற்றினவன் நான். சோக் இரையும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, தகடு அதில் 100 தடவை உதறும், அதுதான் அந்த ‘ம்ம்ம்’. கார்டில் இருப்பதும் சோக்குதான், அளவும் வேகமும் வேறு. அதனால் என் கேள்வி: சோக் என்ற சொல் தமிழன் வாயில் எத்தனையோ வருடமாக இருக்கும்போது சுருள் எதற்கு?

சோக் ஏன் இரைகிறது என்பதும் தெரியும். சுற்றி முடித்ததும் வார்னிஷில் முக்கி, குமிழி வருவது நிற்கும் வரை விட்டு, எடுத்து, சூட்டில் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் வார்னிஷ் உள்ளே இறங்காது, கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவில் மயிரிழை இடம் இருக்கும், அங்கேதான் உதறல். கையை வைத்தால் விரல் நுனியில் தெரியும். கார்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. மலிவான இன்வெர்ட்டர் கொடுக்கும் அலை சதுர அலை. அதில் ஓட்டினால் பவர் சப்ளையே சத்தம் போடும். சத்தம் இன்வெர்ட்டரில் மட்டும் வந்து, லைன் கரண்டில் நின்றுவிட்டால் கார்டைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆகவே உங்கள் சொல்லில் கார்டு, அட்டை எதுவும் வேண்டாம்.

இலக்கணம் பார்க்கிறவர்களுக்காக: சுருளும் சிணுங்கலும் சேர்ந்தால் சுருட்சிணுங்கல் என்று வர வேண்டும். எழுதிப் பார்த்தேன். பர்மாவில் யார் படித்தாலும் முதலில் சுருட்டுதான் ஞாபகம் வரும். பிரித்தே எழுதுங்கள்.

[மறுமொழி, சிரியத்திலிருந்து]

அண்ணே, வணக்கம். நான் சிணுங்கலுக்கு எதிராக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

4090 வந்தபோது அமெரிக்க விலையே 1,599 டாலர். 5090-க்கு 1,999. இங்கே நம் கைக்கு வரும்போது என்ன விலை என்பதை நான் சொல்ல வேண்டாம். அவ்வளவு கொடுத்தவன் ‘சிணுங்குகிறது’ என்று சொன்னால் விற்றவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ‘அது சும்மா சிணுங்கும், பழகிவிடும்’ என்று சொல்ல நாமே சொல் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே பெரும்பாலான இடங்களில் இதைப் பழுது என்று ஒத்துக்கொள்வதில்லை. தொட்டாற்சிணுங்கி என்று ஆளைச் சொல்வோமே, அந்த வாடை வேறு. என் தம்பி நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான், சாயங்காலம் தலைவலியோடு எழுந்திருக்கிறான். அட்டைக்குக் கெடுதல் இல்லை என்பதற்காக மனிதனுக்கும் கெடுதல் இல்லை என்று ஆகுமா?

[யாங்கோன், தாமுவேயிலிருந்து]

ஐயாவுக்கும் தங்கச்சிக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

> அட்டைக்குக் கெடுதல் இல்லை என்பதற்காக மனிதனுக்கும் கெடுதல் இல்லை என்று ஆகுமா?

ஆகாது தங்கச்சி. நீ சொன்னது சரி, என் முதல் மடலில் அதை நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்காகச் சொல்லையே கடுமையாக்கினால் வேறொரு ஆபத்து வரும். உண்மையிலேயே பயப்பட வேண்டிய கோளாறுகள் இந்த அட்டைகளில் இருக்கின்றன. 2022 அக்டோபரில் 4090 கைக்கு வந்த சில வாரங்களுக்குள் அதன் 16 முனை மின்செருகி உருகிப்போன படங்கள் வந்தன. முழுதாக உள்ளே போகாத செருகிதான் காரணம் என்று என்விடியா சொன்னது. செருகியின் உள்முனைகளைத் திருத்தி அடுத்த வடிவம் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறமும், 2025 பிப்ரவரியில் 5090-இல் உருகின செருகிகள். கணக்குப் போட்டால் புரிகிறது: 600 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோனால் 50 ஆம்பியர், அதை அந்த 16 முனைகளில் 12 வோல்ட் கொண்டுவரும் ஆறு முனைகள் பங்கு போட வேண்டும். இரண்டு முனை சரியாகத் தொடாவிட்டால் மற்ற நான்கும் சுடும். இது சத்தமே போடாது. வாசனைதான் வரும். சத்தம் போடும் சுருளுக்குப் பயந்து விசிறியை மாற்றிக்கொண்டிருந்த நான், அந்தச் செருகியை ஒருமுறைகூட அழுத்திப் பார்க்கவில்லை. உன் மடல் வந்த பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றது. அழுத்தினேன், ‘டக்’ என்று உட்கார்ந்தது.

அதனால் சத்தத்துக்கு வைக்கும் பெயர் உயிர் போகும் கோளாறு மாதிரி ஒலிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். அந்தக் கடுமையைச் ‘செருகி உருகல்’ என்ற சொல் தாங்கட்டும். விசிறியின் தாங்கி தேய்ந்து வரும் சத்தத்துக்குக் ‘கரகரப்பு’ போதும், மக்கள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள். 2 கிலோவைத் தாண்டும் அட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்வதைத் ‘தொய்வு’ எனலாம், இதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

தங்கச்சியின் கவலைக்கு வழி விளக்கத்தில் இருக்கிறது. சொல் அகராதியில் ஏறும்போது, இது பொருளின் ஆயுளைக் குறைக்காது என்ற வரிக்குப் பக்கத்திலேயே, கேட்பவருக்குத் தொல்லை தருமளவு இருந்தால் மாற்றித் தரக் கேட்பது நியாயமே என்ற வரியும் வரட்டும். கடையில் காட்டுவதற்கு நமக்குத் தமிழில் ஒரு எழுத்து இருக்கும்.

சோக் பற்றி: ஐயா, உங்கள் கட்சி பலமானது. பேச்சில் நான் இனி சோக் என்றுதான் சொல்வேன். ஆனால் வயதில் சின்னவர்கள் டியூப்லைட் சோக்கைப் பார்த்ததே இல்லை, எல்லாம் எல்இடி ஆகிவிட்டது. சுருள் என்றால் பார்க்காதவனுக்கும் கம்பி சுற்றின உருவம் மனதில் வரும். மின்தூண்டிச் சிணுங்கல் துல்லியம்தான், ஆனால் கடைவாசலில் நின்று அதை யார் சொல்வார்கள்? ஆகவே தலைச்சொல் சுருள் சிணுங்கல், பேச்சு வழக்கு சோக் இரைதல் என்று இரண்டையும் போடலாமா?

என் வரைவு இது, திருத்துங்கள்:

சுருள் சிணுங்கல்: மின்சுற்றிலுள்ள கம்பிச்சுருள், சுமை ஏறி இறங்கும்போது நுட்பமாக அதிர்வதால் எழும் கூர்மையான ஒலி. வரைகலை அட்டையிலும் பவர் சப்ளையிலும் கேட்கும். விசிறிச் சத்தத்திலிருந்து வேறானது. சுமை நின்றதும் நிற்கும். பொருளின் ஆயுளைக் குறைக்காது. கேட்பவருக்குத் தொல்லையானால் மாற்றித் தரக் கேட்கலாம். பேச்சு வழக்கு: சோக் இரைதல்.

தங்கச்சி, உன் தம்பி பக்கத்தில் கேட்கும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு. பிரேமைக் கட்டிப்போட்டு ஒன்று, அவிழ்த்துவிட்டு ஒன்று. ஐயா, வார்னிஷ் உள்ளே இறங்காமல் நிற்கும் அந்த மயிரிழை இடத்துக்கு உங்கள் பட்டறையில் ஒரு பெயர் இருந்திருக்குமே, ஞாபகம் வந்தால் எழுதுங்கள்.